காவல் எவர் கடமை?

திருடன் தப்பினான், தெய்வம் கடல் கடந்தது. திகைத்து நிற்பதா நம் வேலை?

அரியலூர் மாவட்டம் சிறீபுரந்தானில் களவுபோன நடராசர் படிமத்தை 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிற்று. களவை அம்பலமாக்கியது எது? புதுவைப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்னரே எடுத்துவைத்த நிழற்படம்! ஆர்வலர் ஒப்பிட்டனர்; இதழாளர் எழுதினர்; 2014இல் படிமம் திரும்பியது.

கோயில் சூழ்ந்த காஞ்சியில் நாம் செய்வதென்ன? "பத்திரிகைக்காரர் பார்த்துக்கொள்வார்" என்கிறோம். வகுப்பில் வரலாறு சொல்லும் நாமும் அப்படியே! வெளியூர்ச் செய்தியாளர் ஒருநாள் காண்பார். தறியில் அமர்ந்து கோபுரக்கரை நெய்யும் நெசவாளர் நாள்தோறும் காண்கிறார். அவரைக் கேட்டாரா எவரேனும்?

1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டப்படி கோயில்தோறும் சொத்துப் பதிவேடு வேண்டும். படிமங்களும் அதில் அடக்கம். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். 30 நாளில் விடை தரவேண்டும். கேட்போம், ஒப்பிடுவோம், வதந்தி விலக்கிச் சான்றோடு இதழுக்கு எழுதுவோம்.

படம் வெளிவந்தால் திருடனுக்கு வழிகாட்டும் என்பார் சிலர். ஊரறியாச் சிலையன்றோ ஓசையின்றிப் போயிற்று? பக்தரோ பகுத்தறிவாளரோ, ஊர்ச்சொத்து ஊருக்கே! கண்ணிருந்தும் காணாதிருப்பது களவுக்குக் கதவு திறப்பதே!