ஷாக் அப்சார்பருக்கு 12,000 ரூபாயா, புது வண்டிக்கு 36 மாச இஎம்ஐயா?



வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஆசையா வாங்கின 350 சிசி வண்டி உங்ககிட்ட இருக்குனு வச்சுக்குவோம். ஓடோமீட்டர் 60,000 கிலோமீட்டரைத் தாண்டிடுச்சு. வார நாள்ல சரவணம்பட்டி ஆபீஸ். லீவு விட்டா வால்பாறை, கோத்தகிரி, திம்பம், கொல்லிமலை. இப்போ மெக்கானிக் சொல்றார்: "பின்னாடி ஷாக் ரெண்டும் போச்சுங்க, மாத்திடுங்க." கூலியோட சேர்த்து 12,000 ரூபாய்னு எடுத்துக்குவோம்.

உடனே நம்ம மனசு ஒரு கணக்கு போடும். "வண்டிய வித்தாலே 90,000 தான் வரும். அதுக்கு 12,000 செலவா? இதைத் தள்ளிட்டு புதுசு எடுத்துடலாம்." ஒரு சிஏவா நான் சொல்றேன், இந்தக் கணக்கு தப்புங்க.

முதல்ல, தேய்ஞ்சது என்ன?

ஷாக் அப்சார்பர்ல ரெண்டு வேலை நடக்குது. வெளிய தெரியுற ஸ்பிரிங் எடையைத் தாங்குது. உள்ள இருக்கிற ஆயில் சின்னச் சின்ன துளை வழியா போய் வந்து, ஸ்பிரிங்கோட ஆட்டத்தை அடக்குது. கிலோமீட்டர் ஏற ஏற ஆயில் வலு இழக்கும், சீல் தேய்ஞ்சு கசியும். ஸ்பிரிங் பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அதை அடக்க ஆள் இருக்காது.

வீட்டுலயே பார்க்கலாம். வண்டிய ஸ்டாண்ட்ல இருந்து இறக்கி, சீட்டோட பின்பக்கத்தை நல்லா அழுத்தி விடுங்க. ஒரே தடவை மேல வந்து நின்னா சரி. ரெண்டு மூணு தடவை ஆடினாலோ, ராடுல ஆயில் ஈரம் தெரிஞ்சாலோ, மாத்துற நேரம் வந்துடுச்சு.

இது வெறும் சொகுசு விஷயம் இல்லைங்க. ஆழியாறுல இருந்து வால்பாறை போக 40 கொண்டை ஊசி வளைவு. திம்பத்துக்கு 27. பின்னாடி ஒருத்தரை உட்கார வச்சுக்கிட்டு வளைவுல இறங்கும்போது ஒரு குழி வந்தா, அடக்கம் இல்லாத ஸ்பிரிங் டயரை ரோட்டுல இருந்து தூக்கும். டயர் ரோட்டைத் தொடாத அந்த நொடியில பிரேக்கும் இல்லை, பிடிப்பும் இல்லை.

"பிரீலோடை ரெண்டு ஸ்டெப் ஏத்திவிட்டா போதும்"னு சிலர் சொல்வாங்க. அது ஸ்பிரிங்கைத்தான் இறுக்கும், போன ஆயிலைத் திருப்பித் தராது. கிரெடிட் கார்டுல மினிமம் டியூ மட்டும் கட்டுற மாதிரிதான் அது. இந்த மாசம் போன் வராது, கடன் அப்படியே இருக்கும்.

இது திடீர் செலவே இல்லை

அக்கவுண்டிங்ல ஒரு அடிப்படை விஷயம் உண்டு. காசு கைய விட்டுப் போற நாள் வேற, செலவு உருவாகுற நாள் வேற. இந்த 12,000 இன்னைக்கு வந்த செலவு இல்லை. 60,000 கிலோமீட்டரா, கிலோமீட்டருக்கு 20 பைசா வீதம் சேர்ந்துக்கிட்டே வந்திருக்கு. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 35னு வச்சா, பெட்ரோலுக்கே கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 86 பைசா ஆகுது. அதை யோசிக்காம கொடுத்தோம். இந்த 20 பைசாவை எடுத்து வைக்கல, அவ்வளவுதான்.

12,000ஐ எதோட ஒப்பிடணும்?

வண்டியோட விற்பனை விலையோட ஒப்பிடாதீங்க. 90,000ங்கிறது வாங்குறவர் பார்வையில இருக்கிற மதிப்பு. உங்க கேள்வி, "இந்த வண்டி இல்லைன்னா எனக்கு எவ்வளவு ஆகும்?"

புது வண்டி ஆன்ரோடு 3 லட்சம். பழசை வித்த 90,000ஐ முன்பணமா கட்டுறீங்க. மீதி 2,10,000 கடன், 12% வட்டி, 36 மாசம். இஎம்ஐ சுமார் 6,975 ரூபாய். மொத்த வட்டி மட்டும் ஏறக்குறைய 41,100. அந்த வட்டியிலயே மூணு ஜோடி ஷாக் மாத்திட்டு மிச்சமும் பிடிக்கலாம்!

"ஜிஎஸ்டி குறைஞ்சிருக்கே"னு கேட்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரைக்கும் 28%ல இருந்து 18% ஆச்சு, உண்மைதான். ஆனா உதிரிபாகங்களுக்கும் அதே நாள்ல 18% ஆச்சு. 650 சிசிக்கு மேல கண்ணு போச்சுன்னா, 350 சிசியைத் தாண்டின வண்டிக்கு இப்போ 40%. வரி குறைஞ்சது, தேவை இல்லாததை வாங்குறதுக்கு ஒரு காரணம் ஆகாது.

இன்னும் ரெண்டு விஷயம். உங்க சொந்த உபயோக பைக்கை நஷ்டத்துக்கு வித்தா, அந்த நஷ்டத்தை வருமான வரியில காட்ட முடியாது. அது தனிப்பட்ட உபயோகப் பொருள், மூலதனச் சொத்து இல்லை. இன்சூரன்ஸும் தேய்மானத்துக்குப் பணம் தராது. ஜீரோ டெப் எடுத்திருந்தாலும் அது விபத்து கிளெய்முக்குத்தான்.

அப்போ எப்பத்தான் விக்கிறது?

எல்லா பழைய வண்டியையும் கட்டிப்பிடிச்சுக்கோங்கனு நான் சொல்லல. என்ஜின் வேலை, சேஸிஸ் வளைவு, ஷாக், டயர், செயின் எல்லாத்துக்கும் ஒரே எஸ்டிமேட் எழுதி வாங்குங்க. அடுத்த ரெண்டு வருஷத்துக்கு ஆகுற மொத்தச் செலவு, புது வண்டியோட ரெண்டு வருஷ இஎம்ஐயை நெருங்கினா, தாராளமா வித்துடுங்க. நம்ம உதாரணத்துல அந்த இஎம்ஐ 1,67,400 ரூபாய். 12,000 அது பக்கத்துல கூட வரல. ஆசைக்காக புதுசு வாங்கினாலும் தப்பில்லை. ஆனா அதை "மிச்சம் பண்றேன்"னு வீட்டுல சொல்லாதீங்க.

செய்ய வேண்டியது

ரெண்டு பக்கமும் ஜோடியாவே மாத்துங்க. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசுன்னா வண்டி சமமா நடக்காது. அதே நேரத்துல ஸ்விங்ஆர்ம் புஷ்ஷையும் பார்க்கச் சொல்லுங்க. ஜிஎஸ்டி பில் வாங்கி, அதுல கிலோமீட்டரை எழுதி வைங்க. வாரண்டிக்கும் உதவும், பின்னாடி வண்டிய விக்கும்போதும் காட்டலாம்.

அடுத்து, மாசம் 500 ரூபாய்க்கு ஒரு ஆர்டி போடுங்க. 24 மாசத்துல 12,000, வட்டி தனி. அடுத்த தடவை மெக்கானிக் போன் பண்ணும்போது பதற வேண்டியதில்லை.

இப்போ கையில காசு இல்லையா? வால்பாறை ட்ரிப்பைத் தள்ளிப் போடுங்க. ஷாக்கைத் தள்ளிப் போடாதீங்க.