மன்னிப்பும் ஈடும்

1838-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேரிலாந்தில், இயேசு சபைக் குருமார்கள் தம் பண்ணைகளில் உழைத்த 272 கறுப்பின அடிமைகளை 1,15,000 டாலருக்கு லூசியானாவுக்கு விற்க ஒப்பந்தம் செய்தார்கள். விற்றவர்கள் கத்தோலிக்கர்; விற்கப்பட்டோரிலும் பலர் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர்! குடும்பங்களைப் பிரிக்கலாகாது, பணத்தைக் கடன் தீர்க்கச் செலவிடலாகாது என்று ரோமாபுரி விதித்த நிபந்தனைகள் காற்றில் பறந்தன. முதலில் வந்த தொகையில் பெரும்பகுதி ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனுக்கே போயிற்று.

இன்று பல்கலைக்கழகமாக விளங்கும் அந்நிறுவனமும் சபையும் 2017-இல் மன்னிப்புக் கேட்டன. விற்பனைப் பத்திரத்தில் முதற்பெயராக இருந்த ஐசக் என்பவரின் பெயர் ஒரு கட்டடத்துக்குச் சூட்டப்பட்டது. நல்லதுதான். ஆனால் பிறர் பொருளைக் கவர்ந்தவன் பாவசங்கீர்த்தனம் செய்தால் மட்டும் போதாது, கவர்ந்ததைத் திருப்பியும் தரவேண்டும் என்பதன்றோ கத்தோலிக்கப் போதனை? உழைப்பையும் உறவையும் கவர்ந்தவனுக்கு மட்டும் விலக்கு உண்டோ?

இதை நிர்வாகத்தைவிட மாணவர்களே தெளிவாக உணர்ந்தார்கள் என்பேன். விற்கப்பட்டோரின் சந்ததியினருக்கு உதவ, பருவந்தோறும் தலைக்கு 27 டாலர் 20 சென்ட் செலுத்துவதென 2019-இல் அவர்கள் வாக்களித்தனர். கட்டணம் உயர்ந்தால் கொடி பிடிப்பவர்கள் நாம். அவர்களோ தாமே உயர்த்திக்கொள்ளத் துணிந்தார்கள்! நிர்வாகம் அதைக் கட்டாயக் கட்டணமாக ஏற்காமல், நன்கொடை திரட்டி நிதி அமைப்பதாக அறிவித்தது. நன்கொடை மனமிருந்தால் தருவது. இதுவோ 1838 முதல் நிலுவையில் நிற்கும் கடன்.