வரப்புப் புல்லையும் கொஞ்சம் விட்டுவைப்போம்

2024-இல் கழுவேலி ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது விழுப்புரம், திண்டிவனம் நண்பர்கள் பலர் பூநாரைப் படங்களைப் பகிர்ந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் நம் வயலோரப் புல்லில் வாழும் விசிறிவால் கதிர்க்குருவியைக் கவனித்திருக்கிறீர்களா?

நான்கு அங்குலக் குருவி. மழைக்காலத்தில் ஆண் குருவி அலை அலையாக ஏறி இறங்கிப் பறந்து ‘ஜிட், ஜிட்’ என்று கத்தும். நான் சைக்கிளில் பள்ளிக்குப் போன வழியெல்லாம் அந்தச் சத்தம்தான். உயிருள்ள புல்லைச் சிலந்தி நூலால் சேர்த்துப் பை போலக் கூடு கட்டும். தின்பது பெரும்பாலும் பூச்சி, புழு, சிலந்தி.

நாமோ வரப்பில் களைக்கொல்லி அடித்துக் கூடு கட்டும் இடத்தையே அழிக்கிறோம். பிறகு பூச்சிக்குக் காசு கொடுத்து மருந்து வாங்குகிறோம்.

சரணாலயத்தை அரசு பார்த்துக்கொள்ளும். வரப்பு நம்முடையது. ஒரு பக்கப் புல்லையாவது மழை முடியும்வரை விட்டுவையுங்கள்.