ஒருமுறை வைத்தால் ஆயுளுக்கும் போதுமா?

தெற்குக் கொல்கத்தாவில் பாலிகஞ்ச், கரியாஹாட் பக்கம் தோல், முடி, அழகு சிகிச்சைக் கிளினிக்குகளுக்குக் குறைவில்லை. ராஷ்பிஹாரி அவென்யூவில் கொஞ்சம் மேற்கே போனால் லேக் மார்க்கெட். தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் பகுதி. பாலிகஞ்சில் விசாரித்தாலும் சென்னையில் விசாரித்தாலும், மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவை பற்றிக் கேட்கும் பெண்ணின் காதில் விழுவது ஏறக்குறைய ஒரே பேச்சுதான். சின்ன ஆபரேஷன், ஒன்றரை மணி நேரம், மறுநாள் வீட்டுக்குப் போகலாம். ஒருமுறை வைத்தால் ஆயுளுக்கும் இருக்கும். தாய்ப்பாலுக்குத் தொந்தரவு இல்லை. புற்றுநோய்ப் பயமெல்லாம் பழைய கதை. வெளிநாட்டுக் கம்பெனி, தரச் சான்றிதழ் உண்டு.

இதில் முழுப் பொய் என்று ஒதுக்கக்கூடியது குறைவு. ஒவ்வொன்றிலும் பாதி உண்மை இருக்கிறது. சொல்லாமல் விட்ட மறுபாதியைப் பத்து வருடம் கழித்துத் தன் உடம்பிலிருந்து ஒரு பெண் தெரிந்துகொள்கிறாள். இந்த அறுவையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. தன் உடம்பைப் பற்றி முடிவெடுப்பது அவள் உரிமை. முடிவெடுக்கத் தேவையான தகவலை முழுதாகப் பெறுவதும் அவள் உரிமைதான். இந்தப் பேச்சு அதைப் பறிக்கிறது.

‘ஆயுளுக்கும்’ என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மார்பகத்துக்குள் வைக்கும் பைதான் இம்பிளான்ட். சிலிக்கோன் ஜெல் நிரப்பிய இம்பிளான்ட்டை உலகில் முதலில் பெற்றவர் டிம்மி ஜீன் லிண்ட்சி. 1962-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ என்ற இரு மருத்துவர்கள் அதை வைத்தார்கள். மார்பில் குத்தியிருந்த பச்சையை அழிக்கத்தான் அவர் மருத்துவமனைக்குப் போயிருந்தார். புதிய பொருளை வைத்துப் பார்க்க ஆள் தேடிக்கொண்டிருந்த மருத்துவர்கள் இதைச் சொன்னபோது, துருத்திக்கொண்டிருக்கும் தன் காதுகளைச் சரிசெய்தால் போதும் என்றார் அவர். கடைசியில் இரண்டையும் செய்தார்கள். அரை நூற்றாண்டு கழிந்த பிறகும் அந்த இம்பிளான்ட்கள் அவர் உடம்பில் இருந்தன. ஆக, நீண்ட காலம் இருப்பதும் உண்டு. ஆனால் ஒருவருடைய கதையை வைத்து எல்லோருக்கும் வாக்குறுதி தர முடியாது.

எண்களைப் பார்க்கலாம். அலர்கன் நிறுவனத்தின் நாட்ரெல் சிலிக்கோன் இம்பிளான்ட் வைத்துக்கொண்ட பெண்களைப் பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2014-ல் வெளிவந்தது. அழகுக்காக முதல்முறை வைத்துக்கொண்டவர்களில் சுமார் 36 சதவீதம் பேருக்கு அந்தப் பத்து ஆண்டுகளுக்குள் இன்னொரு அறுவை நடந்திருந்தது. புற்றுநோயில் மார்பகத்தை இழந்து மறுசீரமைப்புக்காக வைத்துக்கொண்டவர்களில் அது 71 சதவீதம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் இம்பிளான்ட் ஆயுள் முழுக்க வைத்திருக்கும் பொருளாகக் கருதப்படுவதில்லை என்று நேராகவே சொல்கிறது.

இது ஏன் என்று புரிந்துகொள்வது முக்கியம். வெளியிலிருந்து வந்த எந்தப் பொருளையும் உடம்பு தனியே ஒதுக்கப் பார்க்கும். இம்பிளான்ட்டைச் சுற்றி மெல்லிய தழும்புத் திசுவால் ஓர் உறை கட்டும். எல்லோருக்கும் நடப்பது இது, நோயும் அல்ல. சிலருக்கு மட்டும் அந்த உறை தடித்து, சுருங்கி, இம்பிளான்ட்டை நெருக்கத் தொடங்கும். மார்பகம் கல்லாக இறுகும், வடிவம் கோணும், வலிக்கும். மேலே சொன்ன ஆய்வில் அழகுக்காக வைத்துக்கொண்டவர்களில் சுமார் 19 சதவீதம் பேருக்கு இந்தச் சுருக்கம் கடுமையான நிலையை எட்டியிருந்தது. மருந்தால் தீர்வது அரிது. உறையை வெட்டி, பெரும்பாலும் இம்பிளான்ட்டையும் மாற்ற வேண்டும்.

இன்னொன்று கிழிசல். உப்புநீர் இம்பிளான்ட் கிழிந்தால் சில நாளில் மார்பகம் சுருங்கிவிடும், தெரிந்துவிடும். சிலிக்கோன் ஜெல் அப்படியில்லை. கிழிந்தாலும் உறைக்குள்ளேயே தங்கிவிடும். கையால் தொட்டுப் பார்த்து மருத்துவராலும் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். அதனால்தான் அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் 5, 6 ஆண்டுகளில் முதல் எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட், அதன்பின் 2, 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று அமெரிக்க நிர்வாகம் பரிந்துரைக்கிறது. இருபத்தைந்து வயதில் வைத்துக்கொள்ளும் பெண் அறுபது வயதுக்குள் எத்தனை ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கும் என்பதைத் தொகையோடு கணக்குப் போட்டுச் சொல்லும் ஆலோசனைதான் நேர்மையானது. ‘லைஃப்டைம் வாரண்டி’ என்று சொன்னால், அதன் தாளை வாங்கி வாசிக்க வேண்டும். கிழிந்த இம்பிளான்ட்டுக்குப் பதில் இன்னொன்று தருவதுதான் அதன் அடிப்படை. ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து, சர்ஜன் கட்டணம் ஆகியவற்றுக்கு ஏதாவது கிடைக்குமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், நாட்டுக்கு நாடு மாறும்.

தரச் சான்றிதழ் என்ற வாதத்துக்கு பி.ஐ.பி. விவகாரமே பதில். பாலி இம்பிளான்ட் புரோத்தீஸ் என்ற பிரெஞ்சு நிறுவனம் மருத்துவத் தரச் சிலிக்கோனுக்குப் பதிலாக மலிவான தொழிற்சாலைச் சிலிக்கோனை நிரப்பி விற்றது. அதன் தர நடைமுறைக்குச் சான்று கொடுத்தது ஜெர்மனியின் பெயர்பெற்ற டூவ் ரைன்லாந்து. 2010-ல் பிரான்ஸ் அரசு அதைத் தடைசெய்வதற்குள் உலகெங்கும் சுமார் மூன்று லட்சம் பெண்களின் உடம்பில் அது ஏறிவிட்டது. நிறுவனர் ஜான்-குளோத் மாஸுக்கு 2013 டிசம்பரில் நான்கு ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அந்தப் பெண்கள் எல்லோரும் ‘ஐரோப்பிய நிறுவனம், சான்றிதழ் உண்டு’ என்று கேட்டு நம்பியவர்கள். சான்றிதழ் வேண்டாம் என்பதல்ல என் வாதம். சான்றிதழ் மட்டும் இருந்தால் பாதுகாப்பு வந்துவிடாது. என்ன பொருள், எந்தத் தொகுதி எண், யார் உடம்பில் என்ற பதிவு இருந்தால்தான் நாளை ஒரு குறை தெரியும்போது அந்தப் பெண்ணைத் தேடிப்பிடித்துச் சொல்ல முடியும். பி.ஐ.பி.க்குப் பிறகு பிரிட்டன் தேசியப் பதிவேடு ஒன்றை ஏற்படுத்தியது. ஆஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் உண்டு. இந்தியாவில் மார்பக இம்பிளான்ட்டுக்குக் கட்டாயத் தேசியப் பதிவேடு இல்லை. மருத்துவச் சாதனங்களால் வரும் பாதிப்புகளைப் பதிவுசெய்யும் மெட்டீரியோவிஜிலென்ஸ் திட்டம் 2015 முதல் இருக்கிறது, ஆனால் அது புகார் வந்த பிறகுதான் அசையும்.

புற்றுநோய் பற்றி இரண்டு பக்கமும் தவறாகப் பேசுகிறார்கள். ‘சிலிக்கோன் வைத்தால் மார்பகப் புற்றுநோய் வரும்’ என்று உறவுக்காரர்கள் பயமுறுத்துவதற்கு ஆதாரம் இல்லை. வழக்கமான மார்பகப் புற்றுநோய் கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ‘ஒரு பயமும் இல்லை’ என்ற கிளினிக் பேச்சும் சரியல்ல. இம்பிளான்ட்டைச் சுற்றிய உறையில் உண்டாகும் ஓர் அரிய வகை நிணநீர்ப் புற்றுநோயை உலக சுகாதார நிறுவனம் 2016-ல் தனி நோயாக ஏற்றுக்கொண்டது. மேற்பரப்பு சொரசொரப்பாகச் செய்யப்பட்ட இம்பிளான்ட்களோடுதான் அது பெரிதும் தொடர்புடையது. 2019 ஜூலையில் அமெரிக்க நிர்வாகம் உலகம் முழுக்கத் திரட்டியிருந்த கணக்கில் 573 நோயாளிகள், 33 மரணங்கள். அந்த 573-ல் 481 பேருக்கு வைக்கப்பட்டவை அலர்கன் தயாரிப்புகள். அந்த மாதமே அலர்கன் தன் பயோசெல் வகை இம்பிளான்ட்களை உலகெங்கும் திரும்பப் பெற்றது.

லட்சக்கணக்கானோர் வைத்துக்கொண்டிருக்கும்போது இது அரிதுதான். சொல்லியே ஆக வேண்டியது அடையாளம். பெரும்பாலும் பல ஆண்டுகள் கழித்து, ஒரு பக்க மார்பகம் மட்டும் நீர் கோத்து வீங்கும். அந்த நீரை எடுத்துச் சோதிக்க வேண்டும். ஆரம்பத்திலேயே கண்டால் இம்பிளான்ட்டையும் உறையையும் முழுதாக அகற்றினாலே பெரும்பாலோர் குணமடைகிறார்கள். ‘பயம் பழைய கதை’ என்று கேட்டுப் போன பெண் எட்டாவது வருடத்தில் வீக்கம் வந்தால், அடிபட்டிருக்கும் என்று வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருப்பாள். ஆறுதலுக்காகச் சொன்ன பாதி உண்மை அவளைக் கொல்லவும் கூடும்.

மூட்டுவலி, களைப்பு, மறதி என்று இம்பிளான்ட் வைத்த சிலர் சொல்லும் தொல்லைகளை உறுதிப்படுத்த இன்றைக்குச் சோதனை எதுவும் கிடையாது. அமெரிக்காவில் 1992-ல் சிலிக்கோன் ஜெல் வகைக்குக் கட்டுப்பாடு வந்ததும், ஆயிரக்கணக்கான வழக்குகளால் இம்பிளான்ட் தயாரித்த டவ் கார்னிங் நிறுவனம் 1995-ல் திவால் மனு கொடுத்ததும் இந்தப் புகார்களால்தான். 1999-ல் அந்நாட்டின் மருத்துவ நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, சிலிக்கோன் உடல்முழுதும் பாதிக்கும் நோய்களை உண்டாக்குவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது. அதே அறிக்கை, உண்மையான பிரச்சினை மார்பகத்திலேயே நேரும் கிழிசல், சுருக்கம், மறு அறுவைதான் என்றும் சொன்னது. முதல் பாதியை மட்டும் எடுத்துச் சொல்வதுதான் விற்பனைக்கு வசதி. 2006-ல் மீண்டும் அனுமதி கிடைத்தபோது அழகுக்காகச் சிலிக்கோன் வைத்துக்கொள்ள 22 வயது நிறைந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். 2021-ல், ஆபத்துகளைப் பட்டியலிட்ட தாளை நோயாளி ஒவ்வொரு வரியாகப் படித்துக் கையெழுத்திட்ட பிறகே வைக்கலாம் என்ற விதி வந்தது. களைப்பு, மூட்டுவலிப் புகார்களும் அதில் இடம்பெறுகின்றன.

‘சின்ன ஆபரேஷன்’ என்பது பெரும்பாலும் முழு மயக்கத்தில் செய்யும் அறுவை. மார்புத் தசைக்கு அடியில் வைத்தால் முதல் சில நாள் கையைத் தூக்குவதே கஷ்டம். மேசை வேலைக்கு ஒன்றிரண்டு வாரத்தில் திரும்பலாம், கனம் தூக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ரத்தக்கட்டு, சீழ், காம்பில் உணர்ச்சிக் குறைவு எல்லாம் நேரக்கூடியவை. தாய்ப்பால் பலரால் கொடுக்க முடிகிறது. ஆனால் காம்பைச் சுற்றிய கருவட்டத்தில் கீறினால் பால் நாளங்களும் நரம்பும் அறுபடும் வாய்ப்பு கூடுதல். குழந்தை பெறும் எண்ணம் இருப்பவர் மார்பின் அடிமடிப்பில் கீறச் சொல்லிக் கேட்கலாம். மேமோகிராம் எடுக்கப் போகும்போது, பக்கத்தில் மாமியாரே நின்றாலும், டெக்னீஷியனிடம் இம்பிளான்ட் இருப்பதைச் சொல்லியாக வேண்டும். இம்பிளான்ட்டைப் பின்னுக்குத் தள்ளிக் கூடுதல் படம் எடுத்தால்தான் திசு தெரியும்.

மாமியாரைச் சொன்னது வேண்டுமென்றேதான். கிளினிக்கின் பேச்சு செல்லுபடியாவதற்கு நம் வீடுகளில் நிலவும் வெட்கம் பெரிய காரணம். ‘சினிமாக்காரிகள் செய்துகொள்வது’, ‘கொழுப்பெடுத்த வேலை’ என்று பேசும் வீட்டில் ஒரு பெண் யாரிடமும் சொல்லாமல் போவாள். இரண்டாவது மருத்துவரைக் கேட்க மாட்டாள், தாள்களை வீட்டில் வைத்திருக்க மாட்டாள், ஸ்கேனுக்குப் போக மாட்டாள். 2018-ல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அறுவைக்கு இலவசக் கிளினிக் தொடங்கியபோதும், உயிர்காக்கும் சிகிச்சைக்குப் போக வேண்டிய பணம் அழகுக்குப் போகிறது என்ற கண்டனம் எழுந்தது. புற்றுநோயில் மார்பகத்தை இழந்தவர்களும், கனம் தாங்காமல் முதுகுவலியில் தவிப்பவர்களும், பிறவியிலேயே ஒரு பக்கம் வளராதவர்களும், உடம்பும் மனமும் பொருந்தி வாழ விரும்பும் திருநங்கையரும் இதே மேசையில்தான் படுக்கிறார்கள். 2022-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாக வந்ததாக உலகப் புற்றுநோய்க் கணக்கு சொல்கிறது. அழகுக்காக மட்டுமே வருகிறவளும் கூட அரசு மருத்துவமனையில், பதிவேட்டோடு, பெயர்சொல்லிக் கேட்கக்கூடிய மருத்துவரிடம் செய்துகொள்வது, கடன் வாங்கி ரகசியமாகச் செய்துகொள்வதைவிட மேல்.

அந்த ரகசியத்தில்தான் க்ரீமும் ஊசியும் விற்கிறார்கள். மார்பகத்தின் வடிவத்தை மாற்றுவதாகச் சொல்லி மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மந்திர மருந்து விளம்பரத் தடைச் சட்டமே குற்றமாக்கியிருக்கிறது. ஜெல்லை நேராக மார்பகத்துக்குள் செலுத்தும் ஊசி அதைவிட மோசம். பாலிஅக்ரிலமைடு ஜெல்லைச் சீனா 2006-ல் தடைசெய்தது. ஊசி போட்ட ஜெல் திசுவில் பரவிவிட்டால் முழுதாக எடுக்கவே முடியாது.

பணத்தைப் பற்றியும் பாதிதான் சொல்கிறார்கள். மருத்துவக் காப்பீட்டின் பொதுவான விலக்குகளில் அழகு அறுவை இருக்கிறது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய மறுசீரமைப்பு போன்றவற்றுக்கு விதிவிலக்கு உண்டு. ஆகவே முதல் அறுவைக்குச் சேமித்தவர் இரண்டாவதற்கும் சேமிக்க வேண்டும். மேற்கு வங்கத்தில் மருத்துவமனைகளையும் கிளினிக்குகளையும் ஒழுங்குபடுத்த 2017-ல் தனிச் சட்டம் வந்தது. கூடுதல் பில், சேவைக் குறை பற்றிப் புகார் கேட்க ஓர் ஆணையமும் இருக்கிறது. அழகு சிகிச்சை என்பதற்காக அங்கே போகக் கூச்சப்பட வேண்டியதில்லை.

யார் செய்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். வாசலில் ‘காஸ்மெடிக் சர்ஜன்’ என்று போட்டிருப்பது பட்டம் ஆகாது. பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.ஹெச். அல்லது டி.என்.பி. இருக்கிறதா என்று பாருங்கள். யூடியூபிலோ பயிலரங்கிலோ பார்த்துக் கற்றது அழகு அறுவைக்குப் போதுமான பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் எழுத வேண்டியிருந்தது என்றால் நிலைமை புரியும். சம்மதக் கையெழுத்தும் உங்களுடையதாகவே இருக்க வேண்டும். சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. மயக்கத்தில் இருந்த பெண்ணுக்காகத் தாய் கொடுத்த சம்மதம் செல்லாது, என்ன சிகிச்சை, என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்பதை நோயாளிக்கே விளக்க வேண்டும் என்றது. தாயின் கையெழுத்துக்குச் சொன்னது கணவருடையதற்கும் பொருந்தும்.

அறுவை முடிந்ததும் இம்பிளான்ட் பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள். நிறுவனம், வகை, அளவு, தொகுதி எண் எல்லாம் அதில் இருக்கும். ஒன்றைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள், இன்னொன்று கார்டில் உங்கள் கைக்கு வர வேண்டும். அதைப் படம் எடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். நாளை ஏதாவது ஒரு வகையைத் திரும்பப் பெறுகிறோம் என்று அறிவிப்பு வந்தால் அந்த எண்ணை வைத்துத்தான் உங்களுடையது அதுவா என்று தெரியும். கார்டு கொடுக்கும் வழக்கம் இல்லை என்று முதல் ஆலோசனையிலேயே சொல்லும் இடமாக இருந்தால், முன்பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.