மேளம் அடித்தால் மரம் வளருமா?

‘‘எங்கள் ஊர் ஏரிக்கரையிலும், பள்ளிக்கூடம் போகும் சாலையோரத்திலும் இரண்டு ஆண்டுகளாக இளைஞர்கள் சேர்ந்து மரக்கன்றுகள் நட்டோம். பாதியை ஆடுகள் கடித்துவிட்டன. மீதி கோடையில் காய்ந்துவிட்டன. இந்த முறை பறை, கும்மிப்பாட்டு என்று விழாவாக நடத்தி, ஊர் மக்கள் எல்லோரையும் சேர்க்க நினைக்கிறோம். ‘மேளம் அடித்தால் மரம் வளருமா?’ என்று பெரியவர்கள் சிலர் கேலி செய்கிறார்கள். பலன் இருக்குமா, என்ன மரங்கள் நடலாம்?’’

வாசகர் ஒருவர், செய்யாறு.

மேளம் அடித்தால் மரம் வளராது. ஆனால், ஊர் கூடும். கூடிய ஊர் கோடை வரைக்கும் கலையாமல் இருந்தால் மரம் வளரும்.

தனி ஆளாகச் செய்ய முடியாத வேலைகளுக்கெல்லாம் நம்மிடம் பாட்டு இருந்தது. நாற்று நட்ட பெண்கள் குலவையிட்டுப் பாடினார்கள். ஏற்றம் இறைத்தவர்கள் எத்தனை சால் இறைத்தோம் என்பதைப் பாட்டிலேயே எண்ணினார்கள். வேலை செய்தவர்களே பாடினார்கள். உங்கள் விழாவும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் ஊரிலும் பறை முழங்க 200 கன்றுகள் நட்டோம். சித்திரையில் எண்ணியபோது 14 மட்டுமே மிஞ்சியிருந்தன. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் கோபமாகக் கேட்டேன். ‘‘எங்களை யாரு தம்பி கூப்பிட்டீங்க? காலங்காலமா நாங்க ஆடு ஓட்டுற இடம் அது. எந்தப் பக்கம் நடப்போறீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இந்தப் பக்கமா ஓட்டியிருப்போமே’’ என்றார். அப்போதுதான் உறைத்தது. பறை அடிக்க வந்த அவர்கள் தெரு ஆட்கள், அன்று முழுக்கப் புளியமரத்தடியில் தனியாகத்தான் நின்றார்கள். கூலியைக் கொடுத்து அனுப்பினோம். ஒருவர் கையிலும் ஒரு கன்றைக் கொடுக்கவில்லை.

அதனால், விழாவுக்கு ஒரு வாரம் முன்பே எல்லாத் தெருக்காரர்களையும், முக்கியமாக ஆடு, மாடு வைத்திருப்பவர்களையும் உட்கார வைத்துப் பேசுங்கள். கரையின் ஒரு பக்கத்தை இரண்டு ஆண்டுகளுக்கு மேய்ச்சலுக்கு விட்டுவிட்டு, மறுபக்கத்தில் மட்டும் நடுங்கள். பறைக் கலைஞர்களுக்கு உரிய ஊதியத்தைக் கொடுங்கள். அவர்களும் நடட்டும், ஒரே பந்தியில் சாப்பிடட்டும். கும்மியை மேடையில் வைக்காமல், குழி வெட்டிய இடத்திலேயே பெண்கள் எல்லோரும் சேர்ந்து அடிக்கட்டும்.

நாகஸ்வரம், தவில் கலைஞர்கள் வந்தால் அவர்களைப் பிள்ளைகளோடு பேசச் சொல்லுங்கள். நாகஸ்வரம் ஆச்சா மரத்தில் கடைவது. தவிலும் மிருதங்கமும் பலா மரத்தில் குடைவது. மரம் இல்லாவிட்டால் மேளமும் இல்லை என்பது பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

இனி, மரங்கள். ஏரி எந்தத் துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று ஊராட்சியில் கேட்டு, முதலில் அனுமதி வாங்குங்கள். ஏரிக்கரைக்குப் பனைதான் ஏற்றது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, 10 அடி இடைவெளியில், முக்கால் அடி ஆழத்தில் விதையைப் புதைத்தால் போதும். தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. மதகுக்குப் பக்கத்தில் ஆல், அரசு வேண்டாம். வேர் உள்ளே இறங்கிக் கட்டுமானத்தைப் பெயர்த்துவிடும்.

சாலையோரத்துக்குப் புங்கன், வேம்பு, நாவல், இலுப்பை ஆகியவற்றை 15 முதல் 20 அடி இடைவெளியில் நடலாம். புங்கன் இலையை ஆடுகள் அவ்வளவாக விரும்பாது. 2 அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்து, மேல் மண்ணோடு தொழுவுரம் கலந்து நிரப்புங்கள். 3 அடிக்கு மேல் வளர்ந்த கன்றாகப் பார்த்து நட்டு, குச்சி கட்டி, முள்ளால் கூண்டு அமையுங்கள். வனத்துறை நாற்றங்கால்களில் கன்றுகள் கிடைக்கும். 2022-ம் ஆண்டில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் பற்றியும் அங்கேயே விசாரியுங்கள்.

எத்தனை கன்றுகள் நடுவது? கோடையில் எத்தனைக்குத் தண்ணீர் ஊற்ற முடியுமோ, அத்தனை மட்டும். வாரத்துக்கு ஒரு முறை, கன்றுக்கு ஒரு குடம் என்று கணக்குப் போட்டால், ஒரு வீட்டுக்கு இரண்டு கன்றுகள் சிரமமில்லை.

கடைசியாக ஒன்று. விழாவுக்கு ஒதுக்கிய பணத்தையும் மேளத்தையும் ஐப்பசியிலேயே தீர்த்துவிடாதீர்கள். பாதியைக் கோடைக்கு வையுங்கள். உங்கள் பகுதியில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடப்பது அந்தக் காலத்தில்தானே? கூத்து நாளன்று மாலை பறை அடித்து, ஆளுக்கொரு குடத்தோடு கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கூத்துக்குப் போகட்டும். மற்ற வாரங்களில் ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரே ஒரு பறைச் சத்தம் போதும். ‘தண்ணீர் ஊற்ற நேரமாச்சு’ என்று ஊருக்குத் தெரிந்துவிடும்.

அடுத்த சித்திரையில் கன்றுகளை எண்ணி எனக்கு எழுதுங்கள். கேலி செய்த பெரியவர்களையும் எண்ணுவதற்குக் கூட்டிப்போங்கள்.