குடிசை வரியும் கைப்பேசி வரியும்

நைரோபி நகரத்துத் தொழிலாளி, சம்பளம் வாங்கியதும் கைப்பேசியை எடுக்கிறான். தொலைதூரச் சிற்றூரிலே இருக்கும் தாய்க்கு நொடியில் பணம் போய்ச் சேருகிறது. 2007இல் கென்யாவில் தொடங்கிய 'எம்-பெசா' செய்யும் விந்தை! முன்பெல்லாம் பேருந்து ஓட்டுநர் கையிலே பணத்தைக் கொடுத்துவிட்டு, சேர்ந்ததோ இல்லையோ என்று தவித்தவன் அவன். வியக்க வேண்டியதுதான், தோழர்களே! ஆனால் அவன் ஏன் அனுப்ப வேண்டியிருக்கிறது? அதைக் கேட்பார் இல்லை!

1901இல் வெள்ளையர் ஆட்சி அங்கே குடிசைக்கு வரி போட்டது. ரூபாயாகக் கட்டு என்றது. ஆம், அந்நாளில் அங்கே செலாவணி இந்திய ரூபாய்தான்! ஆடும் மாடும் தானியமும் வைத்திருந்த உழவன் ரூபாய்க்கு எங்கே போவான்? வெள்ளையர் பண்ணைக்குப் போனான், நகரத்துக்குப் போனான். கிடைத்ததோ ஒண்டிக்கட்டைக்குக் கணக்கிட்ட கூலி! மனைவி மக்கள்? அவர்களுக்குத்தான் ஊரிலே நிலம் இருக்கிறதே! இதுதான் துரைமார் கண்ட பொருளாதாரம். அவர்கள் அமைத்த கார்ப்பென்டர் குழுவே 1954இல், தனியாள் கூலியை விட்டுக் குடும்பக் கூலிக்கு மாறுக என்று பரிந்துரைக்க நேர்ந்தது.

அப்படியானால் மிச்சக் கூலியைக் கொடுத்து வந்தவர் யார்? மண்வெட்டி பிடித்து நிலத்தைக் கொத்திய அவன் மனைவி! மகன் பணம் அனுப்புகிறான். தாய் மக்காச்சோள மூட்டையைப் பேருந்திலே ஏற்றி விடுகிறாள். வேலை போனால் ஊர். நோய் வந்தால் ஊர். செத்தால் புதைக்கவும் ஊர். முதலாளி சுமக்க வேண்டியதை ஒரு துண்டு நிலம் சுமக்கிறது. அதுவும் அண்ணன் தம்பி பாகத்திலே சுருங்கிக்கொண்டே போகிறது. இது குடும்பப் பாசம் என்பர். பாசம் உண்டு, மறுக்கவில்லை. அந்தப் பாசத்திலே இலாபம் பார்த்தவர் யார்?

1963இல் விடுதலை வந்தது. ஐம்பதாண்டு கழித்து, 2013இல், பணம் அனுப்பும் கட்டணத்தின்மீது வரி வந்தது: 10 விழுக்காடு. 2018இல் 12. 2023இல் 15. கட்டணத்துக்குத்தான் வரி, அனுப்பும் தொகைக்கு அல்ல, உண்மைதான். நூறும் இருநூறுமாக அனுப்புகிறவனுக்குக் கட்டணமே பாரமாயிற்றே! 2024இல் அதை 20 ஆக்கப் பார்த்தார்கள். ரொட்டி மீது வரி உட்பட இன்னும் பல அந்த மசோதாவிலே இருந்தன. ஜூன் 25 அன்று இளைஞர் கூட்டம் நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தது. துப்பாக்கிகள் முழங்கின; உயிர்கள் பலியாயின. மறுநாள் குடியரசுத் தலைவர் ரூட்டோ மசோதாவைக் கைவிட்டார். முந்திய ஆண்டு போட்ட 15 விழுக்காடு மட்டும் அப்படியே நின்றது.