தூரில் அல்ல, நிழலோரத்தில்

"காய்ப்புக்கு வந்த மாமரத்துக்கு எரு எதற்கு? தூரில் கல்டார் ஊற்றினால் பூ தானாக வரும்." கோவிந்தாபுரத்திலும் முதலமடையிலும் தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவர்கள் சிலரின் வாதம் இது. என்னால் ஏற்க முடியவில்லை.

கல்டாரில் உள்ள பாக்லோபியூட்ரசால் உரமே அல்ல. தளிர் ஓடச் செய்யும் ஜிப்ரலினைத் தடுத்து மரத்தைப் பூக்கவைக்கும் மருந்து அது. மண்ணில் ஒரு பிடி சத்தும் சேர்க்காது. ஆனால் அங்கேயே நெடுநாள் தங்கும். பூத்தபின் காயைப் பெருக்க மரம் எங்கே போகும்? சேர்த்துவைத்ததைத்தான் கரைக்கும்.

ஆறாம் ஆண்டிலிருந்து மரத்துக்கு 50 கிலோ தொழுவுரம், தழைச்சத்தும் மணிச்சத்தும் 1 கிலோ வீதம், சாம்பல்சத்து 1.5 கிலோ என்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். செப்டம்பர், அக்டோபரில் வைக்க வேண்டும். அதுவும் தூரில் அல்ல. ஒரு முழமாவது தள்ளி, இலை நுனியிலிருந்து நீர் சொட்டும் வட்டம்வரை.

சந்தேகம் இருந்தால் அந்த வட்டத்தில் சருகை விலக்கிப் பாருங்கள். ஈர மண்ணில் மயிரிழைபோல வேர்கள் பின்னிக் கிடக்கும். தூரில் கொத்தினால் தட்டுப்படுவது மரத்தைத் தாங்கும் பருத்த வேர்கள்தான். அந்தச் சருகையும் கூட்டி எரிக்கிறார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை!

தோப்புக்காரர்களே, ஒரு பருவத்தோடு போகிறவர் உங்கள் மண்ணுக்காகச் செலவழிக்கமாட்டார். குத்தகைச் சீட்டிலேயே மரத்துக்கு இத்தனை கூடை எரு என்று எழுதி வாங்குங்கள்.